உங்களுக்குத் தெரியுமா? வெயில் அடித்தால் வெள்ளம் வரும் ஆறு!

ஒரு நாள் மழை, ஐந்து ஆண்டு மழை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. லடாக்கின் லே நகரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 10 செ.மீ. தான். லே ஐந்து ஆண்டுகளில் பார்ப்பதை மயிலம் ஒரே நாளில் பார்த்துவிட்டது.

லடாக்கின் அந்த வறண்ட மண்ணில், கோடைக்காலம் முழுவதும் கரைபுரண்டு ஓடும் ஓர் ஆறு இருக்கிறது. அதில் ரப்பர் படகில் நாள் கணக்கில், கரையில் கூடாரம் போட்டுத் தங்கித் தங்கிப் போகிறார்கள். ஆற்றின் பெயர் ஸன்ஸ்கார். பனியாறுகள் (கிளேசியர்கள்) சூழ்ந்த நிலத்தில் வழிகாட்டியோடு பல நாள் ராஃப்டிங் போக இந்தியாவில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் கருத்து.

மேகம் வேண்டாம், வெயில் போதும்

தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் தண்ணீர் வந்தால் மழை எங்கே பெய்தது என்று கேட்கிறோம். ஸன்ஸ்கார் கரையில் இருப்பவர்கள் நேற்று வெயில் எப்படி என்று கேட்பார்கள். மலை உச்சிகளில் உள்ள பனியாறுகள் பகல் வெயிலில் உருகுகின்றன. உருகிய நீர் ஓடைகளில் இறங்கி, பள்ளத்தாக்கு நெடுகப் பயணம் செய்து, படகுகள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர மணிக்கணக்காகும். அதனால் பனியாற்று நதிகளில் மட்டம் தினமும் ஏறி இறங்கும். காலையில் தாழ்ந்திருக்கும், மாலையிலோ இரவிலோ, பனியாறு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து, உயரும். தொடர்ந்து சில நாள் வானம் தெளிந்திருந்தால் ஆறு நாளுக்கு நாள் பெருகும். மேகம் மூடினால் தணியும்.

இதை வைத்துத்தான் பயணத்தின் அன்றாட ஒழுங்கே அமைகிறது. மாலையில் கரை சேர்ந்ததும் படகுகளைத் தண்ணீர் ஓரத்தில் விட்டுவிட மாட்டார்கள். மேட்டுக்கு இழுத்து, அசையாத பாறையில் கட்டுவார்கள். கூடாரமும் சமையல் சாமான்களும் இன்னும் உயரத்தில் இருக்கும். ஒரு கல்லை நீர் விளிம்பில் அடையாளமாக நட்டுவைத்து, ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வழிகாட்டி பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு படகு இரவில் போய்விட்டால் அடுத்த சாமான் கடை வெகு தொலைவில் இருக்கலாம்.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கார்கில் பக்கத்திலிருந்து ஸன்ஸ்காருக்குள் நுழையும் பென்சி லா கணவாய் 4,400 மீட்டர் உயரம். அங்கே சாலையிலிருந்தே தெரியும் பெரும் பனியாறு ட்ராங்-ட்ரூங். நீளம் 20 கி.மீ.க்கு மேல். அதன் வாயிலிருந்து வருவது ஸ்டோட் என்னும் ஆறு. கிழக்கே இருந்து ட்ஸாரப் வருகிறது. பதும் என்ற சிற்றூருக்கு அருகே இரண்டும் கலந்து ஸன்ஸ்கார் ஆகின்றன. வடக்கே ஆழமான இடுக்கில் நுழையும் இந்த ஆறு, லேயிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள நிம்முவில் சிந்துவுடன் சேருகிறது.

பயணம் பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. ரெமாலா அல்லது பதுமில் படகை இறக்கி, கர்ஷா மடாலயத்தைக் கடந்து, பிட்மோ, நியெராக், லாமகுரு போன்ற இடங்களில் இரவு தங்கி, சிலிங் வழியாக நிம்முவில் கரையேறுவது வழக்கம். பதுமின் உயரம் ஏறத்தாழ 3,600 மீட்டர். நிம்மு ஏறத்தாழ 3,150. இடையில் உள்ள 450 மீட்டரையும் ஆறு இறங்கித் தீர்க்க வேண்டும். படகின் துள்ளலெல்லாம் அந்த இறக்கத்திலிருந்து வருவதுதான்.

முதல் நாள் அகன்ற சமவெளி. பார்லி வயல், பட்டாணி வயல், வெள்ளையடித்த வீடுகள். நடுநாட்களில் இருபுறமும் நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்துச் சுவர். சிலிங்கை நெருங்கும்போது மறுபடி மனிதர் நடமாட்டம். செம்பும் பித்தளையும் தட்டிப் பாத்திரம் செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது.

படகிலிருந்து தெரியும் கடல்தரை

அந்த இடுக்கின் சுவர்களில் பாறை அடுக்குகள் வளைந்தும் மடிந்தும் நிற்கின்றன. இமயம் எழுவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலின் அடித்தரை வண்டல்தான் அவை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவின் மீது மோதியதில் நசுங்கி மேலே வந்தன. மரக்காணத்துக் கடலடியில் இன்று படிந்துகொண்டிருக்கும் வண்டலும் சேறும் போலத்தான் அந்த மலைகளும் தொடங்கின.

சாம்பல் நிறத் தண்ணீர்

பனியாறு நகரும்போது அடியில் சிக்கிய கற்கள் பாறையைத் தேய்க்கின்றன. தேய்ந்த தூள் மாவைவிட மென்மையானது. தண்ணீரில் எளிதில் படியாது. நிம்முவில் சாலையோரம் நின்று பார்த்தால் இரண்டு ஆறுகளும் வெவ்வேறு நிறத்தில் சிறிது தூரம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுவது தெரியும். கோடையில் ஸன்ஸ்காரில் வரும் நீர் சிந்துவில் வருவதைவிட அதிகம். பெயர் மட்டும் சிந்துவுக்குப் போய்விட்டது.

கட்டுமரமும் நவீன ராஃப்டும்

பழைய ரப்பர் படகுகளில் பெரிய குறை ஒன்று இருந்தது. அலை உள்ளே விழுந்தால் தண்ணீர் அங்கேயே தங்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. நிறைந்த படகு திரும்பாது, துடுப்புக்கு அடங்காது. ஆறு சீறி இறங்கும் அடுத்த பாய்ச்சலுக்குள் வாளியால் இறைத்துக் கொட்டியாக வேண்டும்.

1980-களில் இதற்குத் தீர்வு வந்தது. படகின் தரையையும் காற்றடைத்த மெத்தையாக்கி, பக்கக் குழாய்களோடு கயிற்றால் பின்னி, இடையே இடைவெளி விட்டார்கள். தரை நீர்மட்டத்துக்கு மேலே மிதப்பதால், உள்ளே விழுந்த தண்ணீர் அந்த இடைவெளி வழியே தானாக வெளியேறிவிடுகிறது. இன்று ஸன்ஸ்காரில் ஓடும் ராஃப்டுகள் இந்த வகைதான்.

இந்த முறை நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மரக்காணம் பக்கத்து மீனவர்கள் தலைமுறைகளாக ஓட்டிய கட்டுமரத்தில் தண்ணீரை இறைத்துக் கொட்டும் வேலையே கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்திருப்பார்கள். கரையோர அலை மேலே ஏறி அடித்தாலும் மரங்களின் இடுக்கு வழியே வழிந்து ஓடிவிடும். மூழ்கடிக்க அதில் குழிவே இல்லை. அலை உடையும் கரையில் இறங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான கலம் வேறு இருந்ததில்லை. ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரம் அருகிவிட்டது. மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டையாவது பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆறு படிகள்

ஆற்றின் கடினத்தை உலகெங்கும் 1 முதல் 6 வரை படி பிரித்துச் சொல்கிறார்கள். 1 என்றால் அமைதியான ஓட்டம். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு மட்டும். கோடையின் ஸன்ஸ்கார் பெரும்பாலும் 3, சில இடங்களில் 4. இந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாக எழுதிவைத்ததல்ல. அதே பாறைக் கூட்டம் தண்ணீர் ஏறினால் மறைந்து எளிதாகலாம். இன்னும் ஏறினால் கொடியதாகலாம்.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. முழங்கால் அளவு வெள்ளம்தானே என்று இறங்குபவர்களை ஆறு கவிழ்த்துவிடுவது இந்தக் கணக்கினால்தான்.

படகில் யார் யார்?

பின்னால் வழிகாட்டி. முன்னால் இருபுறமும் துடுப்புடன் பயணிகள். கூடாரம், அரிசி, அடுப்பு, மருந்துப் பெட்டி எல்லாம் தண்ணீர் புகாத பைகளில் கட்டப்பட்டுத் தனிப் படகில் வரும். அதை ஒருவரே நீண்ட இரட்டைத் துடுப்புகளால் ஓட்டுவார். எல்லாருக்கும் முன்னே கயாக்கில் ஒருவர் போவார். பாய்ச்சலின் கீழே போய்க் காத்திருந்து, யாராவது விழுந்தால் பிடிப்பது அவர் வேலை.

'ஃபார்வர்ட்', 'பேக்', 'ஸ்டாப்', 'ஹோல்ட் ஆன்' என்று நான்கைந்து கட்டளைகள்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் துடுப்புப் போட்டால் படகு சொன்னதைக் கேட்கும். ஒருவர் பயந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அலையைப் பக்கவாட்டில் வாங்கும் படகுதான் கவிழ்கிறது. ஒகேனக்கல் பரிசலில் போனவர்களுக்கு இது விளங்கும். வட்டமான பரிசலுக்கு முன்னும் பின்னும் கிடையாது. பரிசல்காரர் ஒருவர் கையிலேயே எல்லாம். ராஃப்டில் பயணிகளும் ஓட்டுநர்கள்தான்.

1 – 10 – 1

பனியாற்று நீரில் விழுந்தால் முதலில் கொல்வது குளிரில் உறைவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடல் படும் பாட்டைத் தன் உடலையே இறக்கிச் சோதித்தவர். உறைநிலையை ஒட்டிய நீருக்கு அவர் பரப்பிய எளிய கணக்கு: 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி.

முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சை நிதானமாக்குவதைத் தவிர வேறெதையும் அந்த நிமிடத்தில் முயலக் கூடாது. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். கயிற்றைப் பிடிப்பதும் படகில் ஏறுவதும் அதற்குள் நடக்க வேண்டும். அதன் பிறகு விரல்கள் மடங்காது, நல்ல நீச்சல்காரருக்கும் நீந்த வராது. நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். ஆக, குளிரால் உடல் உறைவதற்கு வெகு முன்பே மூச்சும் கையும் கைவிட்டுவிடுகின்றன.

லைஃப் ஜாக்கெட் அந்த முதல் நிமிடத்தில் முகத்தை வெளியே வைத்திருக்கிறது. மனித உடல் தண்ணீரில் ஏற்கெனவே பாதி மிதக்கும் பொருள். தலை வெளியே நிற்கப் பெரியவர் ஒருவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 3 முதல் 5 கிலோ மிதப்பு மட்டுமே. வார்களை இறுக்காமல் தொளதொளவென்று போட்டால் அந்த ஜாக்கெட் மேலே ஏறிப் போகும், ஆள் கீழே போவார். வெட் சூட் என்னும் நியோப்ரீன் உடை வேறு வகையில் காப்பாற்றுகிறது: உடலோடு ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தைப் பிடித்துவைத்து, உடற்சூட்டால் அதை வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறது.

விழுந்தால் எழுந்து நிற்காதீர்கள்

படகிலிருந்து விழுந்தவர்க்குச் சொல்லித்தரும் முதல் பாடம்: மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகும் திசையை நோக்கி, கால்விரல்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி. பாறை வந்தால் கால் முதலில் தொடும், தலை தப்பும். ஓட்டம் தணியும் இடத்தில் குப்புறத் திரும்பிக் கரைக்கு நீந்தலாம்.

இடுப்பளவு தண்ணீர்தானே என்று எழுந்து நிற்க முயல்வதுதான் பெரிய ஆபத்து. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் தண்ணீர் உடலை முன்னே மடக்கித் தலையை அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரில் நல்ல நீச்சல்காரர்கள் இறந்தது இப்படித்தான். இரண்டாவது ஆபத்து, விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார்.

இந்தப் பாடம் லடாக் போகிறவர்களுக்கு மட்டுமானதல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருநீர் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே நீரில் மூழ்கியது. வெள்ளத்தில் நம் ஆட்கள் செய்யும் இரண்டு தவறுகளும் இவைதான்: ஓடும் நீரில் கால் ஊன்றி நடப்பது, மரத்தையோ முள்வேலியையோ பிடிக்கப் போவது. விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளில் நீச்சலோடு சேர்த்து இந்த இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் ஓர் உயிராவது மிஞ்சும்.

திருவக்கரையின் மிதவைகள்

ஆறு பொருட்களை மிதக்கவிட்டுக் கொண்டுவருவதற்கு நம் வாசலிலேயே ஒரு சான்று கிடக்கிறது. திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போனால், சங்கராபரணிக் கரையில் திருவக்கரை. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் பலர், சற்றுத் தள்ளியிருக்கும் தேசிய கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. ஏறத்தாழ 200, சில 15 மீட்டர் நீளம் வரை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 247 ஏக்கர் பரப்பைக் காத்துவருகிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சோன்னெரா 1781-லேயே இவற்றைக் குறித்துவைத்தார்.

அருகே போய்ப் பாருங்கள். எல்லாம் படுத்த நிலையில் கிடக்கும். வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. இவை அங்கேயே வளர்ந்து நின்ற காடு அல்ல என்று நிலவியலாளர்கள் முடிவுசெய்தது இதை வைத்துத்தான். எங்கோ மேலே வளர்ந்த மரங்களை ஒரு பெருவெள்ளம் பிடுங்கி, வழியெல்லாம் மோதவிட்டு, கிளைகளை முறித்து, மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மணலுக்குள் புதைத்தது. பிறகு மண்ணின் சிலிக்கா கரைந்து மரத்தின் அணு அணுவாக இடம் பிடித்துக் கல்லாக்கியது. மரத்தின் வளையங்கள் இன்றும் எண்ணும்படி தெரிகின்றன.

செஞ்சிப் பாறைகளை யார் வைத்தார்கள்?

செஞ்சி மலைகளில் ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள் நிற்பதைப் பார்த்து, பனியாறு உருட்டி வந்ததோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அவை பிறந்த இடத்திலேயே நிற்பவை. கருங்கல்லில் குறுக்கும் நெடுக்கும் உள்ள வெடிப்புகள் வழியே மழைநீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, கட்டிகளை உருண்டையாக்கியது. இடையிலிருந்த மக்கிய மண் கரைந்துபோனது.

ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் வீடளவு பாறை ஒன்று தனியே நின்றால் அது வேறு கதை. அதைப் பனியாறு எங்கிருந்தோ சுமந்துவந்து, உருகியபோது இறக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் இந்தியாவின் தீபகற்பப் பகுதியும் ஒரு காலத்தில் பனிக்கட்டியின் கீழ் இருந்ததுதான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் நிலம் தென்துருவத்துக்கு அருகே, கோண்டுவானாவின் பகுதியாக இருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் பனியாறு விட்டுச்சென்ற பாறைப் படுகையை நிலவியலாளர்களான ப்ளான்ஃபோர்டு சகோதரர்கள் 1856-இல் அறிவித்தபோது, வெப்பநாட்டில் பனியாறா என்று அறிவுலகம் தயங்கியது. கண்டங்கள் நகர்கின்றன என்பதற்குப் பின்னாளில் அதுவே வலுவான சாட்சியமானது.

அகராதி பிறந்த அரண்மனை

ஸன்ஸ்கார் ஆற்றங்கரையில் உள்ள ஸங்லா என்னும் ஊரில் சிறிய பழைய அரண்மனை ஒன்று குன்றின் மேல் நிற்கிறது. ஹங்கேரிய அறிஞர் அலெக்சாண்டர் சோமா டி கோரோஸ் 1823 முதல் 1824 வரை ஸன்ஸ்காரில் தங்கி, ஒரு லாமாவிடம் பாடம் கேட்டுத் திபெத்திய மொழிக்கான அகராதி வேலையைத் தொடங்கியது இங்கேதான். அகராதி 1834-இல் கல்கத்தாவில் அச்சானது. தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவரை நினைப்பவர்கள் ஸங்லாவில் அரை மணி நேரம் இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஏரி எங்கே இருக்கிறது?

மழைநீரைப் பிடித்துவைத்து, மழையில்லாத மாதங்களில் வயலுக்கு விடுவது நமக்கு வீடூர் அணையும் ஊர் ஏரிகளும் செய்யும் வேலை. ஸன்ஸ்காரில் அந்த வேலையைச் செய்வது பனியாறும் மலைப்பனியும். குளிர்காலத்தில் சேர்த்து, கோடையில் விடுகின்றன. ஏரி உடைந்தாலோ தூர்ந்தாலோ ஊர் என்னவாகும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸன்ஸ்காரின் மிகப் பழைய ஊர்களில் ஒன்றான குமிக்கில் அது நடந்துவிட்டது. ஊருக்கு மேலிருந்த பனித்திட்டு சுருங்கிக்கொண்டே போனது, ஓடை வற்றியது, வயலுக்கு நீர் இல்லை. ஊரார் கூடிப் பேசி, தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டு, கீழே ஆற்றின் பக்கம் புது ஊர் கட்ட முடிவுசெய்தார்கள். வண்டி வண்டியாகப் புகை விட்டவர்கள் வேறு எங்கோ இருக்க, ஓர் அடுப்பும் சில மாடுகளும் வைத்திருந்தவர்கள் ஊரை இழந்தார்கள். இது அநியாயம்.

லடாக்கின் பொறியாளர் செவாங் நோர்பெல் வேறு வழி தேடினார். வீணாக ஓடும் குளிர்கால நீரை நிழலான சரிவுகளில் சிறு தடுப்புகளால் தேக்கி உறையவைத்து, விதைக்கும் காலத்தில் உருகிவரச் செய்தார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் 2013-இல் தொடங்கிய பனி ஸ்தூபிகள் அதே நீரைக் கூம்பாக உயர்த்தி உறையவைப்பவை. கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும்.

மலைமேல் திரண்ட ஆபத்து

2014 டிசம்பர் 31 அன்று ட்ஸாரப் ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி திரண்டது. நான்கு மாதம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2015 மே 7 அன்று அடைப்பு உடைந்து, பாலங்களை அடித்துக்கொண்டு வெள்ளம் ஸன்ஸ்கார் வழியே இறங்கியது. கீழே இருந்தவர்கள் எச்சரிக்கப்பட்டிருந்ததால் உயிர்கள் தப்பின.

சிக்கிமில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 3 நள்ளிரவை ஒட்டி, தெற்கு லோனாக் என்னும் பனியாற்று ஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணையே போய்விட்டது. ராஃப்டிங்குக்குப் பெயர்போன தீஸ்தா ஆற்றின் படுகை பல இடங்களில் அடையாளம் தெரியாமல் மாறியது.

இந்து குஷ்–இமயப் பகுதியின் பனியாறுகள் 2011–2020 காலத்தில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டுவில் உள்ள இசிமோட் என்னும் மலைப்பகுதி ஆய்வு நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஐ.நா. 2025-ஐப் பனியாறுகள் காப்பு ஆண்டாக அறிவித்து, மார்ச் 21-ஐப் பனியாறுகள் நாளாக்கியது.

சுரங்கத்தை நிறுத்திய படகுகள்

பனியாற்று நதிகளைக் காப்பதில் படகோட்டிகளுக்கும் பங்குண்டு. கனடாவிலும் அலாஸ்காவிலுமாக ஓடும் டாட்ஷென்ஷினி, ஆல்செக் ஆறுகள் உலகின் பெரும் பனியாற்றுப் படகுப் பாதைகள். பத்து நாள் போல நீளும் பயணத்தின் கடைசியில் ஆல்செக் ஏரி. பனியாறு நேரே ஏரிக்குள் உடைந்து விழ, மிதக்கும் பனிப்பாறைகளுக்கு இடையே படகு போகும். 1980-களின் இறுதியில் இந்த ஆறுகளுக்கு மேலே விண்டி க்ராகி மலையில் பிரம்மாண்டமான செம்புச் சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தது. அங்கே படகோட்டியவர்களும் சூழல் ஆர்வலர்களும் ஊர் ஊராகப் போய்ப் படங்களைக் காட்டினார்கள். 1993-இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு சுரங்கத்தைக் கைவிட்டு அந்த நிலத்தைப் பூங்காவாக அறிவித்தது. 1994-இல் அது உலக மரபுச் சின்னங்களோடு சேர்க்கப்பட்டது. ஆற்றைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் ஆற்றுக்காகப் பேசுவார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது.

கழிவும் கூடவே வரும்

நல்ல ராஃப்டிங் குழுக்கள் குப்பையோடு மனிதக் கழிவையும் மூடிய பெட்டியில் அடைத்துப் படகிலேயே கடைசி நாள்வரை கொண்டுவருகின்றன. கிராண்ட் கேன்யன் போன்ற இடங்களில் இது சட்டம். ஸன்ஸ்காரின் குளிர்ந்த, வறண்ட மண்ணில் எதுவும் எளிதில் மக்காது.

சோறு வேகாத உயரம்

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கடற்கரைப் பக்கம் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. விமானத்தில் இறங்கியவர்கள் இரண்டு மூன்று நாளாவது லேயில் ஓய்வெடுத்த பிறகே ஆற்றுக்குப் போக வேண்டும்.

அங்கிருந்து இங்கே

நமக்கு மூச்சு வாங்கும் அந்த உயரத்திலிருந்து நம் பக்கம் வரும் விருந்தாளியும் உண்டு. வரித்தலை வாத்து லடாக்கின் உயர ஏரிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இமயத்தைத் தாண்டித் தெற்கே பறக்கும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம்வரை வரும்.

சாலை வந்துவிட்டது

குளிர்காலத்தில் உறைந்த ஸன்ஸ்கார் மீது நடந்துதான் மக்கள் லேவுக்கு வந்துபோனார்கள். சாதர் என்பது அந்தப் பனிநடை. 2024 மார்ச்சில் எல்லைச் சாலைகள் அமைப்பு நிம்மு–பதும்–தர்ச்சா சாலையை இணைத்துவிட்டது, 298 கி.மீ. ஊராருக்கு மருத்துவமனை அருகே வந்தது பெரிய நன்மை. மனித வாடையே இல்லாத பயணம் என்று படகுக்காரர்கள் சொல்லிவந்ததை மட்டும் இனி அப்படியே நம்ப முடியாது. பள்ளத்தாக்கின் பல இடங்களில் சாலை கூடவே வருகிறது.

போக நினைப்பவர்களுக்கு

விழுப்புரத்தில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி நிஜாமுதீன். அங்கிருந்து லேவுக்கு விமானம். துடுப்பே பிடிக்காதவர்கள் நேரே ஸன்ஸ்காருக்குப் போக வேண்டாம். கர்நாடகத்தின் தண்டேலியில் காளி ஆற்றில் ஒரு நாள் பழகிப் பாருங்கள். சூபா அணையிலிருந்து நீர் விடும் நேரத்தைப் பொறுத்து அங்கே படகு ஓடும். இதயக் கோளாறு, வலிப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது.

பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டிகள் வேக நீர் மீட்பிலும் முதலுதவியிலும் சான்றிதழ் பெற்றவர்களா? கைபேசி எடுக்காத இடுக்கில் ஒருவருக்கு அடிபட்டால் எப்படி வெளியே கொண்டுவருவீர்கள்? ஆறு அளவுக்கு மீறி ஏறியிருந்தால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.